லாரியில் ஏறிப்போன கோமளா

என் நாவலை யாராவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் உடனே நம்பிவிடுவேன். குறை சொன்னால் நம்புவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். என் சுபாவம் அப்படி, மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் மரியகொரெட்டி அக்கா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று கேட்டது நல்லதிலும் சேராது, குறையிலும் சேராது. அப்படி ஒன்றை ஒரு வாசகர் எழுதியவளிடம் கேட்கலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

என் பெயர் மாதவி. மலேசியாவில் மம்பாவ் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. வாழ்நாளில் ஒரே ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், அடுத்தடுத்த லயத்து வீடுகளில் வளரும் வசந்தி, கோமளா என்ற இரண்டு பெண்களின் கதை அது. ஒரு ரிப்பனை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கட்டிக்கொள்வார்கள். ஒருத்தி வாங்கிய அடிக்கு இன்னொருத்தி அழுவாள். பதினைந்து வயதில் ஒன்றுமில்லாத காரியத்துக்குச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில் கோமளா வேலைக்கென்று ஒரு லாரியில் ஏறிப் போகிறாள். பால் வெட்டுக் காட்டிலிருந்து வசந்தி ஓடிவருவதற்குள் லாரி வளைவில் திரும்பிவிடுகிறது. அதற்கப்புறம் கோமளாவைப் பற்றி நாவலில் ஒரு வார்த்தை கிடையாது.

அம்பாங்கானில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இராஜமாணிக்கம் ஐயா கோமளாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டதைத்தான் அரை மணி நேரம் பாராட்டினார். திறந்த முடிவு என்றார், வாசகருக்கு விட்ட இடைவெளி என்றார். வாசகர் வட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ரவிச்சந்திரன் என்பவர், இரண்டு பெண்கள் புத்தகம் முழுக்க அழுவதைப் படிக்கத் தமக்குப் பொறுமை இல்லை என்று எழுதினார். அதற்குப் பதிலாக ஒரு கல்லூரிப் பெண் எட்டு குரல் பதிவு போட்டாள். நான் இராஜமாணிக்கம் ஐயாவின் பேச்சை மட்டும் போனில் சேமித்து வைத்துக்கொண்டேன். திறந்த முடிவு என்ற சொல்லை அப்புறம் நானே இரண்டு மூன்று இடங்களில் பயன்படுத்தினேன்.

அந்தப் பெருமையெல்லாம் இருந்த அக்டோபரில்தான் மரியகொரெட்டி அக்கா வந்தார். பள்ளி விட்ட நேரம். வாசலில் குட்டையாக, நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தார். கையில் என் புத்தகம். அட்டை ஈரத்தில் உப்பிப் போயிருந்தது.

"டீச்சர், நான் கொரெட்டி. டோபில வேல செய்றேன். கூட வேல செய்ற புஷ்பவள்ளி மக உங்க கிளாஸ்தான். அவகிட்ட வாங்கின புக்குதான் இது."

ராசா என்ற ஊரில் அந்த டோபி, அதாவது சலவைக்கூடம், இருக்கிறது. போர்ட்டிக்சன் ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் லாரியில் அங்கே வந்து துவைத்துக் காய்ந்து மடிந்து திரும்பிப் போகும். மடிக்கிற மேசையில் எல்லாரும் நம் பெண்கள். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சத்தம் குறைந்ததும் மரியகொரெட்டி அக்கா என் நாவலைச் சத்தமாக வாசிப்பாராம். மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசித்துப் பழகிய குரல் என்பதால் அவரைத்தான் வாசிக்கச் சொல்வார்களாம்.

"எங்க மேசையில ரெண்டு கட்சி டீச்சர். புஷ்பா கட்சி வசந்தி மேலதான் தப்புங்குது. மொத நாளு பேசியிருந்தா அவ போயிருக்க மாட்டாளாம். இன்னொரு கட்சி கோமளாவ ஏசுது. சொல்லாமக்கூட போறவ என்னா கூட்டாளின்னு. சாப்பாடு ஆறிப்போற அளவுக்குச் சண்டை."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டேன்.

"நான் எந்தக் கட்சியும் இல்ல. எனக்கு ஒண்ணு தெரியணும். கோமளா உசுரோட இருக்காளா, செத்துட்டாளா?"

நான் வெளியீட்டு விழாவில் சிரித்த சிரிப்பைச் சிரித்தேன். "அதை வாசகர்களே முடிவு பண்ணட்டும்னுதான் விட்டுட்டேன் அக்கா."

"நாங்க எப்படி டீச்சர் முடிவு பண்றது? அடுத்த மாசம் நவம்பர்."

நவம்பருக்கும் கோமளாவுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் விழித்தேன். அக்கா பொறுமையாக விளக்கினார். கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். செத்தவர்கள் பெயரை எழுதிக் கவரில் போட்டுக் கொடுத்தால், மாதம் முழுக்க அது பீடத்தில் இருக்கும், பூசையில் அவர்களுக்காக வேண்டுவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு வேண்டிக்கொள்வது வேறு. அதற்குத் தனியாகப் பூசைக்குச் சொல்ல வேண்டும்.

"உசுரோட இருக்கறவள செத்தவங்க கவர்ல போட்டா அது பாவம்லா. சரி, உசுரோடதான் இருப்பான்னு விட்டுட்டு, அவ செத்துப் போயிருந்தா? பாவம் கழியற உத்தரிக்கிற ஸ்தலத்துல, நமக்குன்னு யாராச்சும் வேண்டிக்குவாங்களான்னு பாத்துக்கிட்டே கெடப்பா. அதான் கேக்கறேன். எதுல எழுதறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, லேசாக எரிச்சலும் வந்தது. "அக்கா, அது கதை. கோமளான்னு யாரும் இல்ல."

"தெரியும் டீச்சர். நான் என்ன சின்னப் புள்ளையா? இல்லாத புள்ளைக்கா அத்தன பேரும் சோறு எறங்காம உக்காந்திருந்தோம்?"

"இல்லக்கா, நெசமா எனக்கே தெரியாது. அவ என்ன ஆனான்னு நான் யோசிக்கவே இல்ல."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. "லாரில ஏத்திவிட்டது நீங்கதானே டீச்சர். எங்க போனான்னு தெரியாதுன்னா எப்படி?"

பஸ் வந்துவிட்டது. மாதம் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள், அதற்கப்புறம் கவர் வாங்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். நான் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். 

முதல் இரண்டு நாள் அவர்மேல் கோபமாகத்தான் இருந்தது. இலக்கியம் தெரியாதவர் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர், "அந்தம்மா கேட்டதுல என்ன தப்பு?" என்றார். அவர்மேலும் கோபம் வந்தது. வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது கோமளா நினைவுக்கு வந்தாள். அந்த லாரியில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்ததா என்றுகூட நான் யோசித்திருக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை புஷ்பவள்ளியிடம் விலாசம் கேட்டுக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

மம்பாவ் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மகன் ஜேசன் ஜொகூரில் தங்கிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். கணவர் இறந்துவிட்டார். அக்கா ஒற்றை ஆள். எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் பதில் கொண்டுவந்திருப்பதாக நினைத்து எதிரே வந்து உட்கார்ந்தார். இன்னும் இல்லை என்றேன். பரவாயில்லை என்றார். எதற்காக அக்கா உங்களுக்கு இவ்வளவு தவிப்பு என்று கேட்டேன். அப்போதுதான் முத்தாயியின் பெயரைச் சொன்னார்.

மரியகொரெட்டி பிறந்தது லிங்கித் தோட்டமொன்றில். அப்பா அந்தோணிதாஸ் பால் வெட்டுக்காரர், ஜெபமாலை சொல்லாமல் பிள்ளைகளைச் சாப்பிட விடாதவர். பக்கத்து வீட்டில் சன்னாசி என்பவரின் மகள் முத்தாயி. வேதக்கார வீட்டுப் பெண்ணும் மாரியம்மன் கோயில் வீட்டுப் பெண்ணும் எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர், அதில் ஒரு ஓட்டை என்றார் அக்கா. கிறிஸ்மஸுக்கு முத்தாயி வந்து கோயிலில் முதல் வரிசையில் உட்காருவாள், கேக்குக்காக. மாரியம்மன் திருவிழாவில் கொரெட்டி பூத்தட்டு தூக்கினாள், அப்பாவுக்குத் தெரியாமல். தெரிந்ததும் பெல்ட்டால் அடி விழுந்தது. அன்றைக்குப் பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் முத்தாயி போட்ட கூச்சலில் அந்தோணிதாஸே பயந்து கையை நிறுத்திவிட்டாராம்.

"உங்க கோமளா மாதிரி அமைதியானவ இல்ல டீச்சர் அவ. வாய்க்காரி. வேல வாங்கற மண்டோர்கிட்டயே எதுத்துப் பேசுவா."

கோலாலம்பூரில் வீட்டு வேலை என்று ஒரு ஆள் வந்து முத்தாயியை அழைத்துப் போனான். போகும்போது இருவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வரவில்லை. சன்னாசி தேடிப்போனார். அந்த ஆள் கொடுத்த விலாசத்தில் அப்படி ஒரு வீடே இல்லை. அவர் மனம் உடைந்து போய்ச் சேர்ந்தார். சில வருடங்களில் தோட்டத்தை விற்றார்கள், சனங்கள் திசைக்கொருவராகக் கலைந்தார்கள், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயங்களை இடித்தார்கள். கொரெட்டி கல்யாணமாகி மம்பாவுக்கு வந்தார்.

"வருசா வருசம் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போறேன் டீச்சர்."

"நீங்களா?"

"ஆமா. வேதக்காரிக்கு அங்க என்ன வேலைன்னுதானே கேக்கறீங்க? எங்க ஃபாதரும் கேட்டாரு. தமிழாளு எல்லாரும் வர்ற எடம் அது ஒண்ணுதான். எங்க இருந்தாலும் ஒரு வருசமாச்சும் வருவா இல்ல? படிக்கட்டுக்குக் கீழ நின்னு மூஞ்சி மூஞ்சியா பாப்பேன். பொழுது சாஞ்சதும் கோச் ஏறி வந்துருவேன்."

மைலோ ஆறிப்போயிருந்தது.  பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் கையை விட்டால் பிள்ளை போனதுதான். அந்தக் கூட்டத்தில், இளமை முழுக்கவும் நரை வந்த பிறகும், ஒருத்தி இன்னொருத்தியின் முகத்துக்காக நின்றிருக்கிறார். அவர் முன்னால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஆனா இன்னைக்கு வரைக்கும் அவளுக்குன்னு ஒரு பூசை வைக்கல. செத்தவங்கள்ல எழுதினா நானே அவளக் கொன்ன மாதிரி. உசுரோட இருக்கான்னு வைக்கவும் மனசுக்குத் துணிச்சல் இல்ல. ரெண்டுலயும் இல்லாம விட்டுட்டேன். உங்க கோமளா வேற, முத்தாயி வேற. தெரியும். ஆனா கோமளாவுக்கு நீங்க ஒரு வழி சொல்லலாம். அவளப் பத்தி சொல்ல ஒரு ஆளு இருக்கு. முத்தாயிக்கு யாரு இருக்கா? அதான், இவளுக்கு என்னவோ அதையே அவளுக்கும் வச்சுக்கலாம்னு."

நான் வீடு திரும்பி நாவலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எங்காவது என்னை அறியாமல் கோமளாவின் முடிவை எழுதி வைத்திருக்கிறேனா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. நான் விட்ட இடைவெளி நன்றாகத்தான் இருந்தது, இராஜமாணிக்கம் ஐயா சொன்னது போலவே. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பொய் சொல்லவும் பயம். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நான் சொல்லி, முத்தாயி எங்கோ மண்ணுக்குள் இருந்தால் அந்தப் பாவம் யாருடையது?

மாதக் கடைசி சனிக்கிழமை டோபிக்குப் போனேன். தெரியவில்லை அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவதுதான் திட்டம். உள்ளே அப்படி ஒரு வெக்கை. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நடந்து வந்து சேர்ந்து, மறுபடி விலகி, மறுபடி சேர்ந்து மடித்தார்கள். அக்கா ஒரு முனை, புஷ்பவள்ளி எதிர் முனை. என்னைக் கண்டதும் அத்தனை கைகளும் நின்றன.

"டீச்சர் வந்துட்டாங்க" என்றாள் புஷ்பவள்ளி. விரிப்பு இருவர் கையிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா தலையை நிமிர்த்தினார். பார்த்தார், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வாய் திறந்த நான், "உசுரோட இருக்கா" என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சொன்ன அந்தக் கணத்தில் அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது.

"எங்க?" என்றாள் புஷ்பவள்ளி.

"பத்து பகாட்ல."

"என்ன செய்றா?"

"துணி பெக்டரில இருந்தா. இப்ப வேலய விட்டுட்டா. முட்டி வலி."

"கல்யாணம்?"

"ஆச்சு. ரெண்டு பொண்ணு. மூத்தவ பேரு வசந்தி."

ஒருத்தி தலையணை உறையில் மூக்கைத் துடைத்தாள். அது ஹோட்டல் சொத்து என்று தூரத்திலிருந்து சூப்பர்வைசர் கத்தினான், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுதாத பக்கங்கள் என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தன. யோசித்து எழுதிய எந்தப் பக்கத்தைவிடவும் அவை எனக்கு நிச்சயமாக இருந்தன. எனக்குள் இத்தனை காலமாக அவள் எங்கே இருந்தாள் என்று எனக்கே பிரமிப்பாக இருந்தது.

கோமளாவை ஏசுகிற கட்சியைச் சேர்ந்த ஒரு பெண் விடவில்லை. "அப்ப ஏன் திரும்பி வரல? ஒருதடவகூடவா வரத் தோணல?"

"வந்தாளே" என்றேன். "கையில கொஞ்சம் காசு சேந்ததும் வந்தா. லயம் இல்ல. தண்ணிக் கொழா இல்ல. எல்லாம் செம்பனை. வசந்தி எங்கன்னு கேக்க ஒரு ஆளு இல்ல அங்க. பொழுது சாயற வரைக்கும் நின்னு பாத்துட்டு பஸ் ஏறிப் போயிட்டா."

மரியகொரெட்டி அக்கா கையிலிருந்த விரிப்பை விட்டுவிட்டார். அழுக்குத் துணி மூட்டை ஒன்றின்மேல் போய் உட்கார்ந்தார். புஷ்பவள்ளி ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். அக்காவின் முகத்தில் நான் இதுவரை எந்த முகத்திலும் பார்க்காத ஒரு வியப்பு இருந்தது.

"நான்தான் தேடறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "அவளும் வந்து தேடியிருப்பான்னு ஒருநாளும் தோணல டீச்சர்."

 பிறகு அவர் எழுந்து, விட்ட முனையை எடுத்துக்கொண்டார். புஷ்பவள்ளி எதிர் முனையைப் பிடித்தாள். எத்தனையோ விரிப்பு பாக்கி இருந்தது.

அந்த வருடம் தீபாவளி நவம்பரில் வந்தது. தீபாவளி கழிந்த ஞாயிறு காலை பூசைக்கு வரச்சொல்லி அக்கா எனக்குப் போன் செய்தார். பலகார டப்பாவோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கூட்டம் நிறைந்திருந்தது. பீடத்தில் ஒரு கூடை நிறையச் செத்தவர்களின் கவர்கள். அந்தோணிதாஸின் பெயர் அதில் இருக்கும், அக்காவின் கணவர் பெயர் இருக்கும். வேறு யார் பெயர் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

பூசை முடிகிற நேரம் ஃபாதர், இந்த வாரம் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் முன்னால் வரலாம் என்றார். அவர்களை ஆசீர்வதிப்பது அங்கே வழக்கமாம். புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் ஓடினார்கள், ஒரு தாத்தா கைத்தடியோடு போனார். நடுவரிசையிலிருந்து மரியகொரெட்டி அக்கா எழுந்தார். பட்டுப்புடவை கட்டியிருந்தார். போய்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்றார். ஃபாதர் ஒவ்வொரு தலையிலும் கைவைத்துக்கொண்டே வந்து இவர்முன் நின்று சிரித்தார்.

"என்னம்மா, உங்களுக்கு ஜூலைலயே பாடிட்டோமே?"

"எனக்கு இல்ல ஃபாதர். முத்தாயிக்கு. தீபாவளி அன்னைக்குப் பொறந்தவ."

"அவங்க எங்க?"

"வர முடியல ஃபாதர். அவளுக்காக நான் வந்திருக்கேன்."

ஃபாதர் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு அக்காவின் நரைத்த தலையில் கையை வைத்து, முத்தாயி என்ற பெயரைச் சொல்லி ஆசீர்வதித்தார். கோயிலில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். பெயர் வருகிற இடத்தில் அத்தனை பேரும் முத்தாயி என்று பாடினார்கள்.